‘ஹால்சியன்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் கொஞ்சம் பழைய நடையில் எழுதுகிறவர்களை வாசித்தால் ‘ஹால்சியன் டேஸ்’ என்ற தொடர் எப்படியும் ஒருமுறை கண்ணில் படும். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் இதைப் பார்த்ததும் யோசிக்காமல் ‘பொற்காலம்’ என்று போட்டுவிட்டுப் போனேன். பிரதியைப் படித்துப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: “பொற்காலம் எப்படி இரண்டே வாரத்தில் முடியும்?” மூலத்தில் இரண்டு சண்டைகளுக்கு நடுவே கிடைத்த இரண்டு வார ஓய்வைத்தான் ஆசிரியர் அப்படிச் சொல்லியிருந்தார். அன்று அகராதியைத் திறந்தவன் கிரேக்கக் கடற்கரை, கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, ஒரு மீன்கொத்தி என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் திரும்பினேன். அதற்கப்புறம் மற்றவர்கள் என்னிடம் கேட்டதும் நானே கேட்டுக்கொண்டதுமான கேள்விகள் இவை.

இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

பெயரடையாக வரும்போது அமைதியான, அலையடிக்காத, கவலையில்லாத என்று பொருள். இன்றைக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் போய்விட்ட நல்ல காலத்தைச் சொல்லத்தான் இதை எடுக்கிறார்கள். கல்லூரி நாட்கள், ஒரு தொழில் கொடிகட்டிப் பறந்த வருடங்கள், அந்த மாதிரி.

பெயர்ச்சொல்லாக வந்தால் மீன்கொத்திப் பறவை. பறவைதான் முதலில் வந்தது. அமைதி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏன் ஒட்டியது என்பதில்தான் கதையே இருக்கிறது.

எப்படி உச்சரிப்பது?

ஹால்-சி-யன். அழுத்தம் முதல் அசையில். எழுத்தைப் பார்த்து நடுவில் ‘கி’ போட்டு வாசிப்பவர்கள் உண்டு. கிரேக்கத்தில் அங்கே ககர ஒலிதான், ஆனால் ஆங்கிலத்தில் அது சகரமாகிவிட்டது.

கிரேக்கப் புராணத்தில் இதன் கதை என்ன?

விரிவாகவும் அழகாகவும் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். கி.பி. 8 வாக்கில் முடித்த ‘மெட்டமார்போசிஸ்’ காவியத்தின் 11ஆவது காண்டத்தில் வருகிறது.

டிராக்கிஸ் நாட்டு அரசன் கேயுக்ஸ். விடிவெள்ளியின் மகன். அவன் மனைவி அல்க்யோனி, காற்றுகளை அடைத்து வைத்து ஆளும் ஏயோலஸின் மகள். நாட்டில் கெட்ட சகுனங்களாகத் தெரிய, குறி கேட்பதற்காகக் கடல் தாண்டி கிளாரோஸுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான் கேயுக்ஸ். குறி சொல்லும் இன்னொரு தலமான டெல்ஃபிக்குப் போகும் தரைவழியைக் கொள்ளைக்காரர்கள் மறித்திருந்தார்கள்.

அல்க்யோனி போக வேண்டாம் என்கிறாள். அவள் சொல்லும் காரணம்தான் எனக்குப் பிடித்த இடம். காற்றைப் பற்றி எனக்குத் தெரியும், சின்ன வயதில் அப்பா வீட்டில் அவற்றைப் பார்த்திருக்கிறேன், பார்த்ததால்தான் பயப்படுகிறேன் என்கிறாள். மாமனார் காற்றுக்கே அதிபதி என்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொள்ளாதே என்றும் சொல்லிவிடுகிறாள். அவன் கேட்கவில்லை. நிலா இரண்டு முறை நிறைவதற்குள் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கப்பலேறுகிறான்.

பாதிக் கடலில் புயல் பிடிக்கிறது. ஒன்பது அலையைத் தாங்கிய கப்பலுக்குள் பத்தாவது அலை புகுந்துவிடுகிறது; கடைசியில் கப்பல் உடைகிறது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் கேயுக்ஸ், கடைசி மூச்சுவரை அவள் பெயரைச் சொல்கிறான்; என் உடலையாவது அவள் இருக்கும் கரையில் ஒதுக்கு என்று அலையிடம் கேட்கிறான். அவன் தகப்பனான விடிவெள்ளிக்கு வானத்தை விட்டு இறங்க முடியாது. அன்று இரவு மேகத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது என்கிறார் ஓவிட்.

இங்கே அரண்மனையில் அல்க்யோனிக்கு ஒன்றும் தெரியாது. அவன் வந்ததும் உடுத்த வேண்டிய துணியை நெய்துகொண்டிருக்கிறாள். தினமும் ஜூனோ தேவியின் கோயிலுக்குப் போய், பத்திரமாகத் திரும்பட்டும் என்று வேண்டுகிறாள். செத்துப்போனவனுக்காக வரும் வேண்டுதலை எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? பொறுக்க முடியாத ஜூனோ, உறக்க தேவனிடம் தன் தூதி ஐரிஸை அனுப்புகிறாள். சேவல் கூவாத, நாய் குரைக்காத ஒரு குகை அது. வாசலில் கசகசாச் செடிகள் பூத்துக் கிடக்கின்றன. கிறீச்சிடும் என்பதால் கதவே கிடையாது. வந்த ஐரிஸுக்கே கண் சொக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள்.

உறக்க தேவன் தன் மகன் மார்ஃபியஸை அனுப்புகிறான். எந்த மனிதனின் உருவத்தையும், நடையையும், குரலையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியவன். (மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்துக்கு இவன் பெயரைத்தான் வைத்தார்கள்.) அவன் கேயுக்ஸாக மாறி, தாடியிலும் தலைமுடியிலும் கடல்நீர் சொட்டச் சொட்ட அவள் கட்டிலருகே வந்து நிற்கிறான். நான் இறந்துவிட்டேன், எனக்காக அழு, துக்க உடை உடுத்து என்கிறான்.

விடிந்ததும் அவன் கப்பலேறிய இடத்துக்கே ஓடுகிறாள். தூரத்தில் ஏதோ மிதந்து வருகிறது. யாரோ பாவம், அவன் மனைவிதான் பாவம் என்று நினைக்கிறாள். இன்னும் கிட்டே வருகிறது. தெரிந்துவிடுகிறது. அலை தடுக்கும் கல்சுவர் மீதேறிக் குதிக்கிறாள். ஆனால் தண்ணீரில் விழவில்லை, பறவையாகிப் பறக்கிறாள். விறைத்துக் கிடக்கும் உடலை அணைத்து, புதிதாக முளைத்த அலகால் முத்தமிடுகிறாள். அவனும் பறவையாகிறான்.

அதற்கப்புறம் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்கிறாள். அந்த ஏழு நாளும் ஏயோலஸ் காற்றுகளை வெளியே விடுவதில்லை. மருமகனைக் காப்பாற்றாத காற்று, பேரப்பிள்ளைகளுக்காக அடங்கிக் கிடக்கிறது.

இதே கதையை வேறு மாதிரியும் சொல்கிறார்களாமே?

ஆமாம். அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பில் இவ்வளவு கண்ணீர் கிடையாது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஜீயஸ், ஹீரா என்று, அதாவது கடவுள்களின் அரசன், அரசி பெயரால் அழைத்துக்கொண்டு திமிராகத் திரிந்தார்கள். கோபம் வந்த ஜீயஸ் இருவரையும் பறவையாக்கிவிட்டார். அவ்வளவுதான். ஏயோலஸ் என்ற பெயரிலும் இரண்டு பேர் இருந்து, பின்னால் வந்தவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். காற்றின் அதிபதியையே அப்பாவாக்கியதால்தான் கதை இவ்வளவு நன்றாக அமைந்தது. அந்தக் குழப்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஏழு நாளா, 14 நாளா?

ஓவிட் சொல்வது ஏழு. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட அரிஸ்டாட்டில், தன் விலங்கியல் நூலில் 14 என்கிறார். வடகோளத்தில் பகல் மிகக் குறுகும் நாள் டிசம்பர் 21 அல்லது 22 அல்லவா? அதற்கு முன் ஏழு நாள், பின் ஏழு நாள். முதல் ஏழில் கூடு கட்டும், அடுத்த ஏழில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்பது அவர் கணக்கு. சைமனிடிஸ் என்ற இன்னும் பழைய கவிஞர், பனிமாதத்தில் ஜீயஸ் 14 நாட்களை அமைதிப்படுத்துகிறார் என்று பாடியதையும் மேற்கோளாகத் தருகிறார்.

அரிஸ்டாட்டிலிடம் எனக்குப் பிடித்தது அடுத்த வரி. நம் பக்கத்தில் இந்த அமைதி எல்லா ஆண்டும் வருவதில்லை, சிசிலிக் கடலில்தான் அநேகமாகத் தவறாமல் வருகிறது என்று சேர்த்துக்கொள்கிறார். கதையைக் கேட்டுவிட்டு வானத்தையும் ஒருமுறை பார்த்தவர் எழுதிய வரி.

மீன்கொத்தி உண்மையிலேயே கடலில் மிதக்கும் கூடு கட்டுமா?

கட்டாது. ஆற்றங்கரை, குளக்கரை மண்சுவரில் வளை தோண்டும். ஐரோப்பாவின் சாதாரண மீன்கொத்தி அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை குடைந்து, கடைசியில் ஒரு சின்ன அறை அமைத்து, ஆறேழு முட்டையிடும். அதுவும் வசந்தத்தில், டிசம்பர் குளிரில் அல்ல. அடைகாக்க மட்டும் மூன்று வாரம் ஆகிவிடும், ஆகவே 14 நாளில் வேலை முடியாது.

அப்படியானால் கிரேக்கர்கள் எதைப் பார்த்தார்கள்? குளிர்காலத்தில் உள்நாட்டு நீர்நிலைகளை விட்டு மீன்கொத்திகள் கடற்கரைக்கு வருவது உண்டு. பனிமாதத்தில் திடீரென்று கடலோரப் பாறையில் நீலமாக ஒன்று உட்கார்ந்திருந்தால், கூடு எங்கே என்ற கேள்வி தானாக வரும். கண்ணில் படாத கூட்டைக் கடல்மேல் வைத்துவிட்டார்கள்.

கூடு எதனால் ஆனது என்பதற்கு அரிஸ்டாட்டில், ஊசிமீனின் முள்ளாக இருக்கலாம் என்கிறார். இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, மீன்கொத்தியின் வளைக்குள் அது கக்கிய மீன்முள் உண்மையிலேயே மெத்தைபோலப் பரவிக் கிடக்கும். யாரோ ஒருவர் வளைக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். சேதி அரிஸ்டாட்டிலிடம் வந்து சேர்வதற்குள் வளை மறைந்து முள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த அமைதியான நாட்களாவது உண்மையா?

அது உண்மை. கிரேக்க நாட்டில் இன்றும் ‘அல்கியோனிதெஸ் மேரெஸ்’, அதாவது அல்க்யோனியின் நாட்கள் என்ற பேச்சு இருக்கிறது. தொலைக்காட்சி வானிலை அறிக்கையிலேயே கேட்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை எப்போது வேண்டுமானாலும் வரும், ஜனவரியில் அதிகம். உயர் காற்றழுத்தம் அந்தப் பகுதியில் நிலைகொண்டுவிட்டால் மழை நிற்கும், காற்று அடங்கும், ஏதென்ஸில் ஆட்கள் வெளியே நாற்காலி போட்டு வெயில் காய்வார்கள். சில நாளில் பழையபடி குளிர் வந்துவிடும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அந்தக் காலத்தில் பனிக்காலம் வந்தால் மத்தியதரைக் கடலே மூடிக் கிடக்கும். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைப்பு என்று வெஜீஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் குறித்திருக்கிறார். கப்பல்களைக் கரையேற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கும் நான்கு மாதத்தில், நட்ட நடுவே, கடல் கண்ணாடி மாதிரி கிடந்தால் அதை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்?

ஒரு வேடிக்கை: கொரிந்து வளைகுடாவின் கிழக்கு மூலைக்கு அல்கியோனிதெஸ் வளைகுடா என்று பெயர். அமைதியின் பெயரைச் சுமக்கும் அந்த இடத்தில்தான் 1981 பிப்ரவரியில் ஏதென்ஸ் வரை குலுங்கிய பெரிய நிலநடுக்கம் வந்தது.

சொல்லின் வேர் என்ன?

கிரேக்கத்தில் ‘அல்குவோன்’. முன்னால் ஹகரம் கிடையாது. அந்தச் சொல் கிரேக்கர்களுக்கு முன்பே அங்கிருந்தவர்களின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. பின்னால் வந்தவர்கள், ‘ஹல்ஸ்’ என்றால் கடல், ‘குவோன்’ என்றால் கருத்தரிப்பது, ஆகவே கடலில் கருத்தரிப்பவள் என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பொருளுக்காகவே சொல்லின் தலையில் ஒரு ஹகரத்தையும் ஏற்றிவிட்டார்கள். ஊர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லி, பிறகு புராணத்துக்கு ஏற்றபடி ஊர்ப் பெயரையே திருத்துவதை நாம் பார்த்ததில்லையா, அதே வேலை.

ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது? பொருள் எப்படி நகர்ந்தது?

14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாசர், கவர் என்ற கவிஞர்கள் இருவரும் இந்தக் கதையை ஆங்கிலக் கவிதையில் சொல்லிவிட்டார்கள். ‘ஹால்சியன் நாட்கள்’ என்ற தொடர் 16ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வருகிறது. முதலில் அந்த 14 நாட்களை மட்டும்தான் அது குறித்தது. அப்புறம் எந்த அமைதியையும்.

இந்த நகர்வின் நடுக்கட்டத்தை ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ முதல் பாகத்தில் பார்க்கலாம். 1590களின் தொடக்கத்து நாடகம். முற்றுகையில் திணறும் பிரெஞ்சுக்காரர்களிடம் ஜோன் ஆஃப் ஆர்க் வந்து சொல்கிறாள்: நான் போருக்குள் வந்துவிட்டேன், இனி மார்ட்டின் புனிதரின் கோடையையும் ஹால்சியன் நாட்களையும் எதிர்பாருங்கள். நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். அதையொட்டிச் சில ஆண்டுகளில் குளிர் விட்டு வெயில் காயும், அதற்குத்தான் அந்தப் பெயர். இரண்டுமே குளிர்காலத்தின் நடுவே வரும் விடுப்புகள். போர் முடிந்தது என்று அவள் சொல்லவில்லை. காற்று நம் பக்கம் திரும்பும் என்கிறாள்.

இன்னொன்று, எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் உதாரணம். 1632 நவம்பரில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவஸ் அடால்ஃபஸ் ஜெர்மனிப் போர்க்களத்தில் இறந்தார். ஐரோப்பா முப்பதாண்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் முதலாம் சார்லஸின் அரசவைக் கவிஞர் தாமஸ் கேரூவிடம் இரங்கற்பா கேட்கிறார்கள். ஜெர்மானிய முரசு என்னவோ முழங்கட்டும், அந்தச் சத்தம் நமக்கெதற்கு, நம்முடைய ஹால்சியன் நாட்களுக்கு நாடகமும் கூத்தும் விளையாட்டுப் போர்களும்தான் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தார் கேரூ. பத்தே ஆண்டில், 1642இல், இங்கிலாந்திலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649இல் சார்லஸின் தலையை வெட்டினார்கள். கேரூ அதையெல்லாம் பார்க்காமல் 1640லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஹால்சியன் என்ற சொல்லைத் தெரிந்தோ தெரியாமலோ மிகச் சரியாகப் பயன்படுத்தியவர் அவர்தான் என்பேன்: இருபுறமும் புயல் இருந்தது, ஒரு புறத்துப் புயல் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் புயல் கழன்றுகொண்டு, அமைதி மட்டும் நின்றது. பிறகு அந்த அமைதியும் இறந்தகாலத்துக்குப் போய், ‘அது ஒரு காலம்’ என்ற பெருமூச்சாகிவிட்டது. அகராதிகள் இப்போது அந்தப் பெருமூச்சையும் ஒரு பொருளாகவே தருகின்றன.

செத்த மீன்கொத்தியைத் தொங்கவிட்டால் காற்றின் திசையைக் காட்டும் என்கிறார்களே?

அது ஐரோப்பாவில் நெடுநாள் இருந்த நம்பிக்கை. காய்ந்த மீன்கொத்தியை உத்தரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டால், காற்றடிக்கும் திசைக்கு அலகைத் திருப்புமாம். ‘லியர் அரசன்’ நாடகத்தில் கெண்ட் பிரபு, எஜமான் மனம் மாறுகிறபடியெல்லாம் ஹால்சியன் அலகைத் திருப்பும் ஆட்கள் என்று அல்லக்கைகளைத் திட்டுவது இதை வைத்துத்தான்.

1646இல் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர், மக்களிடையே உலவும் தவறான நம்பிக்கைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இதையும் சோதித்தார். ஒரு பறவையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்; அது தோன்றிய பக்கம் திரும்பியது. இரண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டார். ஒன்று ஒருபக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் பார்த்தன. விஷயம் முடிந்தது.

எந்த இடத்தில் பயன்படுத்தலாம், எந்த இடத்தில் கூடாது?

நாட்கள், வருடங்கள், ஒரு பருவம், கடல், வானிலை ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும். ஆளுக்குச் சேராது. ‘அவர் ஹால்சியனானவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் வாசிப்பவர் புருவத்தைத் தூக்குவார். வாய்ப்பேச்சில் அதிகம் வராது. அலுவலக மின்னஞ்சலில் போட்டால் கொஞ்சம் மேதாவித்தனமாகத் தெரியும்.

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்னும் பின்னும் சிக்கலே இல்லாத ஒரு நீண்ட சுகத்துக்கு இதைப் போடும்போது எனக்கு உறுத்துகிறது. முப்பது வருடம் ஓகோவென்று நடந்த வியாபாரத்துக்கு வேறு சொல் போதும். கடன் அடைத்து முடித்த மாதத்துக்கும் அடுத்த கடன் வாங்கிய மாதத்துக்கும் நடுவே ஒரு தீபாவளி வந்ததே, அதற்கு இந்தச் சொல்.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

இடத்தைப் பார்த்துத்தான். வெறும் ஏக்கமாக இருந்தால் ‘பொற்காலம்’, ‘வசந்த காலம்’ இரண்டும் ஓடும். பத்திரிகையில் அப்படித்தான் போடுவார்கள், வாசகருக்கும் உறுத்தாது. கடலையோ வானத்தையோ சொன்னால் ‘அலையடங்கிய’, ‘காற்றடங்கிய’ போதும்.

சிக்கல், புயலுக்கு நடுவே வரும் அமைதியைச் சொல்ல வேண்டிய இடத்தில். பொற்காலத்துக்கு இருபுறமும் இருட்டு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வசந்தமோ முறைப்படி வருவது; அதை யாரும் எதிர்பாராத சலுகையாக நினைப்பதில்லை. ரொம்ப நாள் யோசித்தபின் எனக்குக் கிடைத்தது ஊரில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல்: வெட்டாப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள் கணக்கில் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு நாள் பளிச்சென்று விடும். ‘மழை வெட்டாப்பு விட்டிருக்கு’ என்பார்கள். உடனே வீட்டுக்கு வீடு கொடியில் ஈரத்துணி ஏறும், நமுத்துப்போன விறகு வெளியே வரும், ஈர நெல்லைத் தார்ச்சாலையில் பரப்புவார்கள். சாயங்காலம் மறுபடி கறுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த அவசரம்.

ஹால்சியனுக்கு உள்ளே இருப்பது இதுதான். ஆனால் சொல் எல்லா வட்டாரத்துக்கும் தெரியாது. சில ஊர்களில் ‘மழை வெறிச்சிருக்கு’ என்றால்தான் புரியும். என் பழைய பிரதியில் கடைசியில் ‘இரண்டு வாரம் வெட்டாப்பு விட்டது போல’ என்று போட்டேன். பென்சில்காரர் ஒன்றும் எழுதவில்லை.

தமிழ் இலக்கியத்தில் மீன்கொத்திக்கு இப்படி அமைதிக் கதை உண்டா?

எனக்குத் தெரிந்த சங்கப் பாட்டு நேர் எதிர்த்திசையில் போகிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், போரில் பிளந்த வீரர்களின் மார்பைத் தைக்கும் ஊசியைச் சொல்கிறார். “மீன்தேர் கொட்பின் பனிக்கயம் மூழ்கிச் சிரல்பெயர்ந் தன்ன நெடுவெள் ஊசி.” சிரல் என்றால் மீன்கொத்தி, சிச்சிலி என்றும் சொல்வார்கள். மீனுக்காகச் சுற்றி வந்து, குளிர்ந்த குளத்தில் விழுந்து எழும் மீன்கொத்தி போல, நீண்ட வெள்ளை ஊசி சதைக்குள் இறங்கி ஏறுகிறது. குளத்து நீர் அங்கே இரத்தம்.

கிரேக்கர்கள் பறவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், பரணர் அது பாய்வதைப் பார்த்தார். பாட்டுடைத் தலைவன் ‘கடல் பிறக்கோட்டிய’ செங்குட்டுவன், அதாவது கடலைப் புறமுதுகிட வைத்தவன். இங்கேயும் கடல் அடங்கத்தான் செய்கிறது. ஆனால் மீன்கொத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிரேக்கப் புராணத்திலிருந்து வந்த மற்ற ஆங்கிலப் பெயரடைகள்?

நிறைய. உடம்பை முறிக்கும் வேலை ‘ஹெர்குலியன்’, செய்து செய்து தீராத வேலை ‘சிசிஃபியன்’, நொடிக்கொரு உருவம் எடுப்பது ‘புரோட்டியன்’, மாபெரியது ‘டைட்டானிக்’. இவற்றில் பெரும்பாலும் ஒரு ஆணின் பலம், தண்டனை, தந்திரம் என்று ஏதாவது இருக்கும். ஒரு பெண்ணின் துக்கத்தில் தொடங்கி வானிலையாக முடிந்த சொல் இது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திலும் ஒரு அல்க்யோனி இருக்கிறதே, அவள்தானா இவள்?

இல்லை. அறுமீன் என்று நாம் சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தில் மிகப் பிரகாசமான விண்மீனுக்கு அந்தப் பெயர். அது அட்லஸின் ஏழு மகள்களில் ஒருத்தி. பெயர் மட்டும் ஒன்று.

அந்தப் பெயரில் தூக்க மாத்திரை ஒன்று இருந்ததாமே?

டிரையசோலம் என்ற மருந்தை ஹால்சியன் என்ற பெயரில்தான் விற்றார்கள்; எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். பக்கவிளைவுகள் குறித்த சர்ச்சையால் 1991இல் பிரிட்டன் அதைத் தடை செய்தது.

பறவையியலில் ‘ஹால்சியன்’ என்றால் எந்தப் பறவை? நம் ஊரில் பார்க்கலாமா?

பார்க்கலாம், தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 1821இல் வில்லியம் சுவைன்சன் என்ற ஆங்கிலேயர் மீன்கொத்திகளில் ஒரு பேரினத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். கேயுக்ஸையும் விடவில்லை, சின்ன மீன்கொத்திகளின் இன்னொரு பேரினத்துக்கு அவன் பெயர். பழைய லத்தீன் பெயரான ‘அல்செடோ’ மூன்றாவது பேரினத்துக்குப் போயிற்று. 1815இல் ஆஸ்திரேலியாவின் கூக்கபராவுக்குப் பெயர் தேடிய லீச் என்பவர், ‘அல்செடோ’வின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘டசெலோ’ என்று வைத்தார். பிறகு ஒருவர் அதே எழுத்துகளை இன்னொரு முறை கலைத்து ‘லசெடோ’ என்று வேறொரு மீன்கொத்திக்கு வைத்தார். பெயர் வைக்கிறவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

நம் ஊரில் இருப்பது ‘ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்’, வெண்மார்பு மீன்கொத்தி. ஸ்மிர்னா என்பது ஏகேயன் கடலோரத்துப் பழைய கிரேக்க நகரம், இன்றைய துருக்கியின் இஸ்மிர். காவி கலந்த பழுப்புத் தலை, பளீரென்ற வெள்ளை மார்பு, மயில்கழுத்து நீலத்தில் முதுகு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சிவப்பு அலகு. தண்ணீர் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. கரண்ட் கம்பியில், வேப்பங்கிளையில், பாழுங்கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். மீனைவிட வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு என்றே அதிகம் பிடிக்கும். அமைதியின் பெயர் வைத்திருக்கிறதே தவிர, கத்த ஆரம்பித்தால் ஊரைக் கூட்டும். ஒரு நீளமான கெக்கலிப்பு, அதிகாலையில் தொடங்கிவிடும்.

எங்கள் தெருமுனைக் கம்பியில் ஒன்று உண்டு. போன வாரம் ஒரு ஓணானைப் பிடித்துக் கம்பியில் அடித்து அடித்து, வாலோடு விழுங்கிவிட்டு, அலகைத் துடைத்துக்கொண்டது.